கண்மாய்க் கருவேலமும் ஐந்து அமர்வுகளும்: ஊர்ப் பேச்சை நடத்திக் கற்றுக்கொண்டவை

2017 பிப்ரவரியில், ராமநாதபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஒரு கண்மாய்க்கரை ஊரில் நான் நடத்திய முதல் கூட்டம் நாற்பது நிமிடங்களில் முடிந்துபோயிற்று. கண்மாயில் மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை என்ன செய்வது என்று ஊரார் கூடிப் பேச வேண்டும் என்பதுதான் அழைப்பு. பிள்ளையார் கோயில் முன்மண்டபத்தில் நிழல் உண்டு, எல்லோருக்கும் தெரிந்த இடம் என்று எண்ணி அங்கே கூட்டினேன். மேற்குத் தெருவின் நிலமுள்ள குடும்பங்களின் ஆண்கள் மண்டபத்தில் அமர்ந்தார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் கிழக்குத் தெருவின் பட்டியல் சாதிக் குடும்பத்தினர் வீதியின் மறுபுறம் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பெண்கள் நான்கு பேர் வந்து, பேசாமலே திரும்பிச் சென்றார்கள். "மரத்தை எடுக்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டேன். மண்டபத்திலிருந்து "எடுக்க வேண்டும்" என்ற ஒரே குரல் எழுந்தது. மரத்தடியிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அந்த மௌனத்தை ஒப்புதல் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் பொக்லைன் இயந்திரம் கண்மாய்க்குள் இறங்கியபோது, மரத்தடியில் வாய் திறக்காமல் நின்றவர்கள் அதன் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் அதே ஊரில் ஐந்து அமர்வுகளை நடத்தினோம். சிக்கலான ஊர் விவகாரங்களில் மக்களைக் கூட்டிப் பேசவைக்கும் பணியில் இறங்குவோருக்கு உதவக்கூடும் என்பதால் அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சூழலைச் சொல்ல வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டிருந்தன. அதே வேளையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டிருந்தது. மழைநீரையே நம்பியிருக்கும் எங்கள் வட்டாரத்தில் கண்மாய் வறண்டு கிடக்க, தண்ணீர் நிற்க வேண்டிய அதன் உள்வாய் முழுவதும் கருவேலம் பச்சையாக நின்றதைப் பார்த்த விவசாயிகளின் கோபம் நியாயமானது. ஆனால் அதே வறட்சியில் விவசாயக் கூலியும் இல்லாமல் போன குடும்பங்களுக்கு அடுப்பெரித்ததும் அரிசி வாங்கித் தந்ததும் அந்த மரம்தான். ஒரே மரம் ஊரின் ஒரு பாதிக்குப் பகையாகவும் மறு பாதிக்குப் பிழைப்பாகவும் இருந்தது.

பின்னர் அதே ஆண்டில், மரத்தின் தீங்கு குறித்து முறையான ஆய்வு வேண்டும் என்ற கோரிக்கையின் பேரில், உயர் நீதிமன்றத்தின் சென்னை முதன்மை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. இயந்திரங்கள் திரும்பிப் போயின. ஊருக்குள் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலை மட்டும் தங்கிவிட்டது. அந்த இடைவெளியைத்தான் நானும் என்னோடு பணிபுரிந்த தோழியும் பயன்படுத்திக்கொண்டோம்.

இரண்டாம் முறை நாங்கள் கூட்டத்தை உடனே கூட்டவில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீடு வீடாகச் சென்றோம். முதல் கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று கேட்பதற்குச் சமம். அந்தக் கேள்விக்கு நிலத்துக்காரர் முன்னால் ஒரு கூலித் தொழிலாளி என்ன பதில் சொல்ல முடியும்? ஆகவே கேள்வியை மாற்றினோம். மரம் போனால் உங்கள் வீட்டில் எது இல்லாமல் போகும், மரம் இருந்தால் எது இல்லாமல் போகும் என்ற இரண்டை மட்டும் எல்லா வீட்டிலும் கேட்டோம். வேண்டும், வேண்டாம் என்று ஒருவர் சொல்லும் கருத்தை மற்றவர் மறுத்துவிடலாம். தன் வீட்டில் எது இல்லாமல் போகும் என்று ஒருவர் சொல்லும்போது அதை மறுக்க யாருக்கும் நா எழுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை, இத்தகைய பேச்சுகளின் உயிர் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

கிடைத்த பதில்கள் நாங்கள் எண்ணியிருந்த ஊரையே மாற்றிக் காட்டின. கரிமூட்டம் போடுவோர் மரம் வேண்டும் என்பார்கள் என்று நினைத்திருந்தோம். மூட்டம் என்பது பாடுபட்டுச் செய்யும் வேலை. வெட்டிய கட்டைகளை அடுக்கி, இலைதழையும் மண்ணும் கொண்டு மூடி, நெருப்பு வைத்து, காற்று எங்கே நுழைகிறது, புகை என்ன நிறத்தில் வருகிறது என்று இரவு பகலாகக் காவலிருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் கரி சாம்பலாகிவிடும். அந்த வேலையை அவர்கள் விரும்பிச் செய்யவில்லை. கரி வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். "வெட்டாதீங்கன்னு சொல்ல வரலண்ணே, வெட்டிப்புட்டா வாங்குன முன்பணத்த எப்பிடி அடைக்கிறதுன்னு மட்டும் ஊரக் கேட்டுச் சொல்லுங்க" என்று கிழக்குத் தெருவில் ஒரு பெண் என்னிடம் சொன்னார். பிப்ரவரிக் கூட்டத்தின் மௌனத்துக்கு உள்ளே இருந்தது அந்தக் கடன்தான். அதை மண்டபத்துக்கு முன்னால் நின்று உரக்கச் சொல்லியிருக்க அவரால் முடியாது.

மறுபக்கத்திலும் இதே போன்று ஒன்று வெளிப்பட்டது. கண்மாயிலிருந்து மரத்தை எடுக்க வேண்டும் என்று உரத்துச் சொன்னவர்களில் பலர், தங்கள் புஞ்சைத் தரிசில் வளர்ந்த கருவேலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டுக்கு விட்டுப் பணம் பார்த்துவந்தார்கள். அந்தத் தரிசுகளில் ஆடுமாடுகள் மேய்ந்து, நெற்றைத் தின்று, சாணத்தோடும் புழுக்கையோடும் விதையைக் கண்மாய்க்குள் கொண்டுவந்தன. கண்மாயை மட்டும் சுத்தம் செய்தால் மரம் திரும்பி வரும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆனால் பொதுவில் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. இரண்டு பக்கம் என்று நாங்கள் வகுத்துக்கொண்டது பாதி உண்மைதான். ஒவ்வொரு வீட்டுக்குள்ளேயும் இரண்டு பக்கமும் இருந்தன.

இதில் ஒரு நடைமுறைக் குறிப்பைச் சேர்க்க வேண்டும். வீட்டுக்குச் செல்லும்போது ஆணும் பெண்ணுமாக இருவர் சேர்ந்து போக வேண்டும். இருவரும் அந்த ஊரைச் சேர்ந்தவராக இருத்தல் ஆகாது. பெண்களிடம் தோழி தனியே அமர்ந்து பேசியதால்தான் விறகுச் சுமையின் கணக்கு கிடைத்தது. எரிவாயு உருளை வாங்கிய வீடுகளிலும் சோறு விறகடுப்பில்தான் வெந்தது. மரம் போனால் விறகுக்கு எவ்வளவு தொலைவு நடக்க வேண்டும் என்பதை ஆண்கள் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

அடுத்து இடம். கோயில், சாவடி, ஊர்த் தலைக்கட்டு ஒருவரின் திண்ணை ஆகிய மூன்றும் கூடாது என்று முடிவுசெய்து, ஊராட்சித் தொடக்கப் பள்ளியின் கூடத்தைக் கேட்டு வாங்கினோம். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் ஒரே இடம் அதுதான். எல்லோரும் தரையில் பாய் விரித்து வட்டமாக அமர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு மட்டும் நாற்காலி. ஆனால் இரண்டு தெரு முதியவர்களுக்கும் நாற்காலி. சின்ன விஷயமாகத் தோன்றும். முதல் அமர்வில் கிழக்குத் தெருப் பெரியவர் ஒருவர் நாற்காலியில் உட்காரவே கால் மணி நேரம் தயங்கினார். அவர் உட்காரும்வரை நாங்கள் பேச்சைத் தொடங்கவில்லை.

தேநீர் யார் போடுவது என்பதும் முடிவு செய்ய வேண்டிய ஒன்றாக இருந்தது. கிழக்குத் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவிடம் அந்தப் பொறுப்பைத் தந்தோம். முதல் நாள் பலர் குடிக்கவில்லை. நாங்கள் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை, ஏற்பாட்டை மாற்றவும் இல்லை. ஐந்தாம் அமர்வில் பெரும்பாலோர் குடித்தார்கள். கடைசிவரை குடிக்காதவர்களும் இருந்தார்கள். அதை மறைக்க நான் விரும்பவில்லை. கூடிப் பேசுவதால் சாதி கரைந்துவிடும் என்று சொல்லிப் புதியவர்களை இந்தப் பணிக்கு அழைத்தால் அது பொய்யாகும்.

இதனோடு சேர்ந்த இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அமர்வில் ஒருவர், மரம் போன பிறகு கிழக்குத் தெரு ஆடுகள் கண்மாய்க்கரையில் ஏறக் கூடாது என்பதையும் பேச்சில் சேர்க்க வேண்டும் என்றார். சேர்க்க மாட்டோம் என்று நான் மறுத்தேன். பொதுக்கரையில் நடப்பதும் பொதுநீரைத் தொடுவதும் உரிமைகள். பெரும்பான்மையின் விருப்பத்துக்கோ சமரசத்துக்கோ உட்பட்டவை அல்ல. பேச்சை நடத்துபவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் எவை பேச்சுக்கு உரியவை என்பதில் நடுநிலை கிடையாது. அந்த எல்லையை முதல் நாளே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தால், நடுவில் ஒருவரை மறுக்க நேர்ந்திருக்காது. அவரும் மனம் கசந்து அடுத்த அமர்வுக்கு வராமல் இருந்திருக்க மாட்டார்.

கிராம சபை இருக்கும்போது தனி அமர்வுகள் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அமைந்த கிராம சபையை நான் பெரிதும் மதிக்கிறேன். முடிவு அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் எல்லாப் பொருளையும் சில மணி நேரத்தில் படித்து முடிக்கும் அவையில் ஒரு கடினமான விவகாரத்தை முதன்முதலாகப் பேச முடியாது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண், அதாவது சபை செல்லுபடியாகக் குறைந்தது வந்திருக்க வேண்டியவர்கள், 100 பேர். அந்த எண்ணிக்கை வந்திருந்த தலைகளைக் காட்டுமே தவிர, எந்தத் தெரு வாய் திறக்கவில்லை என்பதைக் காட்டாது. மேலும் 2016 இறுதியிலிருந்து 2019 டிசம்பர் தேர்தல் வரை ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. தனி அலுவலர்களின் பொறுப்பில் நிர்வாகம் நடந்தது. ஊர் சார்பில் கேட்க ஒருவர் இல்லாத காலத்தில், ஊரே கூடிப் பேசிவைத்துக்கொள்வது இன்னும் தேவையாக இருந்தது.

கிராம சபை பற்றிப் பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்வது வழக்கம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏரி வாரியத்துக்குக் கூடக் குடவோலையில் ஆள் தேர்ந்த அந்த ஒழுங்கு வியப்புக்குரியதுதான். ஆனால் வாரியத்தில் அமர வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். அந்தச் சபை பிராமணர்களின் சபை. எங்கள் ஊரின் கரிமூட்டக் குடும்பங்களில் ஒருவர்கூட அந்தக் குடத்தில் ஓலையாக விழுந்திருக்க முடியாது. அதனால் அதைப் பெருமையாக எடுத்துச் சொல்லி அமர்வுகளைத் தொடங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

அமர்வுகளில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது தகவல்களைக் கையாள்வதுதான். அந்த ஆண்டு கருவேலத்தைப் பற்றிய செய்திகள் கைப்பேசிகளில் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும், அது நச்சுக்காற்றை விடுகிறது என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். நான் அவற்றை மறுக்கத் தொடங்கினால் ஒரு பக்கத்தின் ஆளாகிவிடுவேன். விட்டுவிட்டால் பேச்சு வதந்தியின் மேல் நடக்கும். தோழிதான் வழி கண்டார். சுவரில் மூன்று பெரிய தாள்களை ஒட்டி, ஒன்றில் "கண்டது", மற்றொன்றில் "கேட்டது", மூன்றாவதில் "விசாரிக்க வேண்டியது" என்று எழுதினார். ஒருவர் ஒன்றைச் சொன்னதும், இது எந்தத் தாளில் போக வேண்டும் என்று சபையையே கேட்டோம். மாடு மலடாகும் என்பது ஒருவர் வீட்டிலும் நடக்கவில்லை என்பதால், சொன்னவரே "கேட்டது" என்ற தாளுக்கு அனுப்பினார். வரத்துக்காலை மரம் அடைத்து, மழைநீர் கண்மாய்க்கு வராமல் பக்கவாட்டில் ஓடியது "கண்டது" ஆயிற்று. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும் என்பதும் அப்படியே. அதைச் சொன்னது கிழக்குத் தெரு. சபையில் அவர்களுடைய அறிவு முதன்முதலாகத் தாளில் ஏறியது அப்போதுதான்.

மூன்றாவது தாள் எங்களை அலுவலகங்களுக்கு அனுப்பியது. கண்மாயின் பரப்பும் எல்லையும் என்ன, மரங்களை ஏலம் விடும் அதிகாரம் எந்தத் துறைக்கு, ஏலத்தொகை எங்கே போகும் என்பவை அதில் இருந்தன. ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பு, நூறு ஏக்கருக்கு மேற்பட்டதால் எங்கள் கண்மாய் அன்றைய பொதுப்பணித் துறையைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. இந்த ஒரு விவரம் தெரியாமல் பிப்ரவரியில் ஊராட்சித் தீர்மானத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். மக்களைக் கூட்டும் முன், அவர்கள் எடுக்கும் முடிவை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பதில் எங்களுக்கு ஏழு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை அடுத்த அமர்வைத் தள்ளிவைத்தோம். கூட்டத்தின் சூடு ஆறிவிடும் என்று சிலர் கடிந்தார்கள். சூடு ஆறியது நல்லதாகவே போயிற்று.

மூன்றாம் அமர்வில் மூன்று வழிகளைச் சபை முன் வைத்தோம். கண்மாய் முழுவதும் தூரோடு பிடுங்குவது ஒன்று. நீர் நிற்கும் உள்வாயையும் வரத்துக்காலையும் மடைகளின் முகப்பையும் மட்டும் சுத்தம் செய்து, மேட்டுப்பகுதியை விட்டுவைப்பது இரண்டு. மூன்று கோடைகளில் பகுதி பகுதியாக எடுப்பது, வெட்டும் வேலையை ஊர்க் கரிமூட்டக் குடும்பங்களுக்கே தருமாறு துறையைக் கேட்பது மூன்று. ஒவ்வொரு வழியின் கீழும், வீடு வீடாகச் சேர்த்த பதில்களிலிருந்து, அதனால் யாருக்கு எது இல்லாமல் போகும் என்பதைப் பெயர் சொல்லாமல் எழுதியிருந்தோம். முன்பணக் கடனும் அதில் இருந்தது. தரிசு மரத்தின் வருமானமும் இருந்தது. சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடிக்காத வழியின் நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். குழுக்களில் நிலத்துக்காரரும் அவரிடம் கூலிக்குப் போகிறவரும் சேர்ந்து வராதபடி முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். சமத்துவத்தின் பேரில் அவர்களை ஒன்றாக உட்காரவைப்பது கூலிக்காரரை ஊமையாக்குவதில்தான் முடியும்.

அன்று பேசியவர்களில் என் நினைவில் நிற்பவர் நீர்பாய்ச்சி, கண்மாய் நீரை வயல்களுக்குத் திறந்துவிடுபவர். எழுபது வயதைக் கடந்தவர். கண்மாயின் எந்த மூலையில் எத்தனை முழம் தண்ணீர் நின்றது என்பது அவருக்கு மனப்பாடம். மரம் வருவதற்கு முன்பே தூர்வாருவது நின்றுவிட்டது, மண்மேடு ஏறிய இடத்தில்தான் மரம் ஏறியது, மரத்தை மட்டும் எடுத்து மண்ணை விட்டுவைத்தால் தண்ணீர் நிற்காது என்று அவர் சொன்னார். அதுவரை மரத்தைச் சுற்றி நடந்த பேச்சு அங்கிருந்து மண்ணுக்கும் மடைக்கும் மிகைநீர் வழியும் கலுங்குக்கும் திரும்பியது. விவகாரத்துக்கு நாம் வைக்கும் பெயரே தவறாக இருக்கலாம் என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். அன்று மாலையே அழைப்புத் தாளில் இருந்த "கருவேலம் அகற்றுதல்" என்ற தலைப்பை அடித்துவிட்டு, "கண்மாயில் தண்ணீர் நிற்க" என்று எழுதினோம். நான்காம் அமர்வுக்குப் பெண்கள் இரு மடங்காக வந்தார்கள்.

வாக்கெடுப்பை நாங்கள் எந்த அமர்விலும் நடத்தவில்லை. கைதூக்கச் சொன்னால் எண்ணிக்கை கிடைக்கும், தோற்றவர்களும் கிடைப்பார்கள். அதற்குப் பதிலாக, இந்த முடிவோடு உங்களால் வாழ முடியுமா, முடியாது என்றால் எதை மாற்றினால் முடியும் என்று வட்டமாக ஒவ்வொருவரையும் கேட்டோம். நேரம் பிடிக்கும் வேலை இது. ஐந்தாம் அமர்வு இரவு பத்தரை வரை நீண்டது. பேசியவற்றை அவரவர் சொற்களிலேயே எழுதி, கலையும் முன் உரக்கப் படித்துக் காட்டினோம். எழுத்து நடையில் "திருத்தி" எழுதிய ஒரு வரியை, நான் இப்படிச் சொல்லவில்லை என்று ஒரு பெண் மறுத்தார். அவர் சொன்னபடியே மாற்றினேன். அதற்குப் பிறகு மற்றவர்களும் தங்கள் வரிகளைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

2018 ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. உள்வாயும் வரத்துக்காலும் முதல் கோடையில், மேட்டுப்பகுதி பின்னர். வெட்டும் வேலையில் ஊர்க் குடும்பங்களுக்கு முன்னுரிமை கோருவது. நூறு நாள் வேலையில் வரத்துக்காலைத் தூர்வாரக் கேட்பது. தரிசு வைத்திருப்போர் கண்மாயை ஒட்டிய தங்கள் நிலத்து மரங்களை நெற்று உதிரும் முன் வெட்டுவது என்று அதில் எழுதியிருந்தோம். கடைசி வரி சட்டத்தால் கட்டாயப்படுத்தக்கூடியது அன்று. சபையில் ஒப்புக்கொண்ட சொல்தான் அதற்குப் பிணை. முன்பணக் கடனுக்கு எங்களால் முழு வழி காண முடியவில்லை. சுயஉதவிக் குழுவின் கடனைக் கொண்டு சிலர் அடைத்தார்கள். இரண்டு குடும்பங்கள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டன. அவர்கள் இழப்பைத் தாளில் எழுதிப் படித்தோம், எல்லோரும் கேட்டோம், ஆனாலும் அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அது இன்றும் என்னை வருத்துகிறது.

உள்வாயில் பாதிக்கு மேல் சுத்தமாயிற்று. ஆனால் தூர் முழுவதும் வராத இடங்களில் மூன்றாம் ஆண்டே ஆள் உயரத்துக்குத் துளிர்த்துவிட்டது. ஒருமுறை பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்ததன் விளைவு அது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்த கொள்கையை வெளியிட்டபோது அதை ஊரில் படித்துக் காட்டினோம். அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தில் நாட்டு மரங்களை வளர்ப்பதையும் அது பேசுகிறது என்பதால், கரையோரம் எதை நடுவது என்ற பேச்சு புதிதாகத் தொடங்கியது. நிழல் தரும் மரம் வேண்டும் என்று ஒரு சாராரும், ஆட்டுக்குத் தழை தரும் மரம் வேண்டும் என்று ஒரு சாராரும் சொல்கிறார்கள்.

இப்போது ஆண்டுதோறும் புரட்டாசியில், மழைக்கு முன்னால், பள்ளிக் கூடத்தில் ஓர் அமர்வு நடக்கிறது. நாங்கள் நடத்துவதில்லை, இரண்டு தெருவிலிருந்தும் ஒவ்வொரு பெண் நடத்துகிறார்கள், அழைத்தால் நானும் தோழியும் சென்று ஓரமாக உட்கார்ந்திருக்கிறோம். துளிர்த்த மரத்தை யார் பிடுங்குவது என்பதும், கண்மாயில் மீன்பிடிக்கும் மீன்பாசிக் குத்தகைப் பணத்தில் மடைக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதும் இந்த ஆண்டு தீராமல் நிற்கும் இரண்டு பொருள்கள். பாய் விரிப்பது மேற்குத் தெருவின் முறை.